மலைத்தீவுக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வருபவனுக்கு வழி சொல்லும் பாட்டு ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாம் மலைநாட்டு வழியைச் சொல்வது. அதன் ஆசிரியர் பெருங்கௌசிகனார் மன்னனின் பெருமையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், வழுக்கும் பாறையில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். வழிகாட்டுவது இலக்கியத்திற்குக் குறைவான செயல் என்று பழந்தமிழர் எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த மரபை நினைவிற்கொண்டு, ஒரு மலைத்தீவுக்கு முதன்முறையாகச் செல்லும் கவிஞர் தமது ஆறு நாளை எவ்வாறு வகுத்துக்கொள்ளலாம் என்பதே இவ்வுரையின் பொருள். தீவு ரீயூனியன். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலும், மொரீஷியசுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலும் இந்தியப் பெருங்கடலில் அது நிற்கிறது. முன்பு பூர்போன் என்று பெயர். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே தமிழர் வழித்தோன்றல்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். ஆகையால் அங்குச் செல்லும் தமிழ்க் கவிஞர் வெறும் சுற்றுலாப் பயணியாக இருக்க முடியாது. அவருடைய திட்டம் பிழைத்தால் பணமும் நாளும் மட்டுமன்றி ஓர் உறவும் வீணாகக்கூடும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போர்க்கு வரைபடமே பகையாகிறது. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். கரையைச் சுற்றினால் 210 கிலோமீட்டர் அளவுதான். ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாமே என்று தோன்றும். வரலாம், ஆனால் தீவைப் பார்த்திருக்க மாட்டார். தீவு நடுவில் இருக்கிறது. பித்தோன் தே நேழ் என்னும் சிகரம் 3,071 மீட்டர் உயரம். இந்தியப் பெருங்கடல் தீவுகளில் அதற்கு மேல் ஒரு முடி இல்லை. அம்மலையைச் சுற்றி மூன்று பெரும் பள்ளங்கள் உள்ளன: சலாசி, சிலாவோஸ், மஃபாத். பழைய எரிமலை இடிந்தும் மழையால் அரிக்கப்பட்டும் உண்டான செங்குத்துச் சுவர்களுக்குள் ஊர்கள் அமைந்திருக்கின்றன. தென்கிழக்கில் இன்னும் அணையாத எரிமலை, பித்தோன் த லா ஃபுர்னேஸ். அதன் உயரம் 2,632 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டாவுக்கு ஐந்து மீட்டரே குறைவு. இந்தச் சிகரங்களும் பள்ளங்களும் சுவர்களும் 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்விடங்கள் தீவின் பரப்பில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு.

எனவே முதல் விதி: இங்கே தொலைவைக் கிலோமீட்டரால் அளக்கலாகாது, உயரத்தாலும் பொழுதாலும் அளக்க வேண்டும். சிலாவோசுக்குச் செல்லும் சாலையில் நானூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த அவ்வழியை அரைமணி நேரம் என்று குறித்துக்கொள்பவர் அன்றைய மாலையை இழந்துவிடுவார். பொழுதைப் பொறுத்தவரை மலையின் நாள் காலை ஒன்பது அல்லது பத்து மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து ஈரக்காற்று சரிவில் ஏறி முகிலாகிறது. நண்பகலில் சிகரத்தைப் பார்க்க வருபவர் வெண்திரையைத்தான் பார்ப்பார். காலையில் மலை, மாலையில் கரை என்னும் ஒழுங்கைத் தீவே வகுத்துக் கொடுத்திருக்கிறது.

மழையும் அப்படியே. தென்கிழக்கு வியாபாரக் காற்று மோதும் கிழக்குச் சரிவு பச்சை; மலைமறைவிலுள்ள மேற்குக் கரை வறண்டது. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது மலைமேலுள்ள ஃபோக்-ஃபோக் என்னும் இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதைவிட அது அதிகம். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் என்னுமிடத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர். இரண்டும் உலகப் பதிவுகள். ஜனவரி முதல் மார்ச் வரை புயற்காலம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் காரான்ஸ் ஆகிய புயல்கள் தாக்கியதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். மே முதல் நவம்பர் வரை உலர்ந்த, குளிர்ந்த பருவம். முதற் பயணத்திற்கு அதுவே தக்கது. ஆயினும் ஜூலையில் கரையில் பருத்திச் சட்டை போதும் என்றிருக்க, எரிமலை மேட்டில் விடியற்காலை நீர் உறையுமளவு குளிர் வரும். கம்பளிச் சட்டையும், பிடிமானமுள்ள காலணியும் இல்லாமல் புறப்படலாகாது.

புறப்படுமுன் முடிக்க வேண்டியவை சில. ரீயூனியன் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. ஆகவே விசாவை விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் பெயரைச் சொல்லிப் பெற வேண்டும். மொரீஷியசிலிருந்து விமானம் ஏறினால் முக்கால் மணி நேரம். நாணயம் யூரோ, சாலையில் வலப்பக்கம் செல்ல வேண்டும். கரையோர ஊர்களை மஞ்சள் நிறப் பேருந்துகள் இணைக்கின்றன. மலைக்குள் செல்ல வாடகைக் கார் வசதி. மலைவிடுதிகளில் படுக்கைகள் சிலவே. அவற்றை முன்கூட்டிப் பதிவுசெய்த பிறகே மற்ற நாள்களை வகுக்க வேண்டும்.

இனி நாள்வரிசை.

முதல் நாள், தலைநகர் சென்-தெனி. வந்திறங்கிய களைப்போடு மலை ஏறுவது தவறு. மாலையில் நகருக்கு மேற்கே கடலோரத்திலுள்ள கிராந்த் ஷலூப்புக்குச் செல்லலாம். 1860-களில் அங்கே ஒரு தனிமைப்படுத்தும் மனை எழுந்தது. ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலில் வந்தோரை நோய்த்தொற்றுக்கு அஞ்சி முதலில் அங்கேதான் வைத்தனர். 1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக ஆள்கள் திரட்டப்பட்டனர். 1860-இல் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கை அதற்கு வாயில் திறந்தது. கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு 1882-இல் பிரிட்டிஷ் அரசு அவ்வாயிலை அடைத்தது. இடைப்பட்ட காலத்திலும் முன்னரும் வந்தோர் தொகை இலட்சத்தை ஒட்டியது. ஊர் திரும்பியோர் சிலரே. அம்மனையின் கற்சுவரருகே அரைமணி நேரம் நின்றபின் மற்ற ஊர்களைப் பார்ப்பது வேறு வகையாய் இருக்கும். தமிழ்க் கவிஞரின் பயணம் இங்கே தொடங்குவதே முறை.

இரண்டாம் நாள் கிழக்கே. வழியில் சென்த்-சூசான். 1841-இல் எத்மோன் அல்பியூஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் இவ்வூர்த் தோட்டத்தில் வனிலாப் பூவைக் கையால் சூல்கொள்ளச் செய்யும் வழியைக் கண்டான். சிறு குச்சியால் பூவின் நடுச்சவ்வை விலக்கிப் பெருவிரலால் அழுத்தும் அந்த முறையே உலகமெங்கும் இன்றும் வழங்குகிறது. அதே 1841-இல் இருபது வயதான ஒரு பிரெஞ்சு இளைஞரும் இத்தீவில் சில வாரம் தங்கினார். மாற்றாந்தந்தை அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்ப எண்ணியிருந்தார். அவரோ அதற்கு மேல் செல்ல மறுத்துப் பாரிசுக்கே திரும்பிவிட்டார். அவர் பொதலேர். கவிஞர் கூட்டத்திற்குப் பொதலேரைத் தெரியும், அல்பியூஸைத் தெரியாது. தீவைச் செல்வமாக்கிய அச்சிறுவன் 1880-இல் வறுமையில் இறந்தான். குறும்பயணத்தில் ஒருவர் கண்ணில் படுவதும் படாததும் எவ்வாறு தீர்மானமாகின்றன என்பதற்கு இவ்விருவரும் எடுத்துக்காட்டு.

அங்கிருந்து சென்-ஆந்த்ரே; தமிழ் வழித்தோன்றல்கள் மிகுந்த ஊர். இவ்வூரைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்பகலில் ஆற்றோரச் சாலையில் சலாசிப் பள்ளத்தினுள் ஏறி எல்-பூர் சிற்றூரில் இரவு தங்கலாம். வழியெல்லாம் பந்தலிலும் வேலியிலும் ஒரு காய் தொங்கும். அதை அவர்கள் ஷூஷூ என்கிறார்கள். தமிழ்நாட்டுச் சந்தையில் சௌசௌ என்று விற்பது அதுவே. நடு அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அக்காய் ஒரே பெயரின் இரு சாயலோடு இரு கரைகளிலும் வேரூன்றிவிட்டது. எல்-பூரிலிருந்து பார்த்தால் தனித்து நிற்கும் குன்று ஒன்று தெரியும். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய ஆன்ஷேனும் அவன் துணைவி ஏவாவும் அதன் உச்சியில் வாழ்ந்ததாகக் கதை. குன்றுக்கு அவன் பெயரே வழங்குகிறது. விடுதலை பெற்ற பெண்ணொருத்தியின் மகனான ஓகுஸ்த் லக்கோசாத் என்னும் கவிஞர் 1839-இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்கு இச்சலாசியின் பெயரையே சூட்டினார். நிறத்தின் காரணமாகத் தீவின் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத அவர், மலையைத் தம் நூலின் வாயிலில் நிறுத்தினார்.

மூன்றாம் நாள் மஃபாத். அங்கே சாலை இல்லை. காலால் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் செல்ல வேண்டும். சலாசியின் மேல்முனையில், 2,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் கொல் தே பெஃப் என்னும் கணவாய் இருக்கிறது. காரை அதன் அடியில் நிறுத்திவிட்டு இறங்கினால் இரண்டு மணி நேர நடையில் லா நூவெல் சிற்றூர். பள்ளம் முழுவதிலும் ஆயிரம் பேர்கூட இல்லை. கதிரொளித் தகடுகள் விளக்குக்கு மின்சாரம் தருகின்றன. அரிசியும் சிமெண்டும் வானிலிருந்து இறங்குகின்றன. அங்கு நடந்து சென்று கடிதம் கொடுத்த அஞ்சற்காரர்களின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. மஃபாத் என்பதே தப்பியோடிய மடகாஸ்கர் அடிமைத் தலைவன் ஒருவனின் பெயர் என்பர். சிலாவோஸ் என்னும் பெயர்க்கு, விட்டு நீங்காத இடம் என்று மடகாஸ்கர் மொழியில் பொருள் கூறுவர். கரையோர ஊர்களுக்குப் புனிதர்களின் பெயர். மலைக்கு மட்டும் ஓடியவர்களின் பெயர். வரைபடத்தைப் பெயர்களாகப் படிக்கத் தெரிந்தவர்க்கு இத்தீவின் வரலாறு வேறு நூலில் வேண்டியதில்லை. லா நூவெல்லில் ஓர் இரவேனும் தங்க வேண்டும். பகலில் வந்து பகலிலேயே திரும்புபவர்க்கு வழி மட்டுமே தெரியும், ஊர் தெரியாது.

நான்காம் நாள் கணவாய் ஏறித் திரும்பி, கிழக்குக் கரைக்கு இறங்கி, சென்-பெனுவாவிலிருந்து நடுமேட்டுச் சாலை வழியே பூர்-முராவுக்குச் செல்லலாம். உயரம் 1,600 மீட்டர் அளவு. எரிமலைக்கு வாயில் அதுவே.

ஐந்தாம் நாள் விடியுமுன் புறப்பாடு. செடிகொடி குறைந்து குறைந்து, பிளேன் தே சாப்ல் என்னும் கரிய மணல்வெளியில் பச்சை அறவே நின்றுவிடும். 2,311 மீட்டரிலுள்ள பெல்கோம்ப் விளிம்பில் நின்றால் எதிரே எரிமலைக் கூம்பு. 2007 ஏப்ரலில் அதன் உச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கும் மேலாக உள்ளிடிந்தது. எரிமலை எழும்போது உட்பகுதிக்கான வழியை அரசு மூடிவிடும். மூடிய வழியில் வாதாடலாகாது. பத்து மணிக்கு முகில் வருமுன் இறங்கித் தெற்குக் கரையில் சென்-பியேர் வழியாக மாலையில் மேற்கே சென்-போல் சேரலாம். அங்குள்ள கடலோரக் கல்லறையில் லெகோந்த் த லீல் கிடக்கிறார். 1818-இல் அவ்வூரில் பிறந்து பாரிசில் புகழ்பெற்ற அவரது உடல் 1977-இல்தான் தீவுக்கு மீண்டது. கடலில் இறங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை: சுறாத் தாக்குதல்களுக்குப்பின் 2013 முதல், பவளத்திட்டுக்கு உட்பட்ட கடற்கழியையும் காவலுள்ள இடங்களையும் தவிர வேறெங்கும் குளிப்பதற்குத் தடை உண்டு.

ஆறாம் நாள் வெறுமையாக இருக்கட்டும். மழையோ மூடிய சாலையோ ஏதேனும் ஒரு நாளைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கடனை அடைக்க ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். கடன் எழாவிட்டால் அந்த நாளைச் சென்-ஆந்த்ரேக்கு மீண்டும் கொடுக்கலாம்.

இத்திட்டத்தில் சிலாவோஸ் இல்லை. நேழ் சிகரத்தின் விடியற்காலை இல்லை. 1977-இல் எரிகுழம்பு வாசல்வரை வந்து நின்ற மாதா கோவில் இருக்கும் கிழக்குக் கரையும் இல்லை. மூன்றும் காணத்தக்கனவே. ஆனால் ஆறு நாளில் எல்லாவற்றையும் தொட முயல்பவர் ஒவ்வொன்றையும் முகிலுக்குப் பின்னால்தான் பார்ப்பார். வெண்பாவில் ஒரு சீர் மிகுந்தாலும் தளை கெடும் என்பதை அறிந்த அவைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனிச் சென்-ஆந்த்ரே. முதற்பயணத்தில் தமிழர் பெரும்பாலும் பிழைபடும் இடம் இதுவே.

அங்கே கோபுரங்கள் உண்டு. கடைப்பலகைகளில் ராமசாமி, மூத்துசாமி போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் தெரியும். உவகை பொங்க உள்ளே சென்று, தமிழ் தெரியுமா என்று கேட்கும்போது பெரும்பாலும் ஒரு புன்னகையும் இல்லை என்னும் தலையசைப்புமே விடையாக வரும். கேட்டவர் முகம் வாடும். அந்த வாட்டத்தை எதிரே நிற்பவர் பார்த்துவிடுவார். அதன்பின் பேச்சு நெருங்காது.

மொழி எவ்வாறு போயிற்று என்பதைக் கேட்குமுன் எண்ணிப்பார்த்தல் தகும். ஊர் ஊராகப் பிரிந்து தோட்டந்தோறும் சிதறியவர்கள். வேலை கிரியோலில், பள்ளி பிரெஞ்சில், பிள்ளைக்குப் பெயர் கிறித்தவ நாள்காட்டியில். தகப்பன் பெயர் ஒன்றுதான் குடும்பப் பெயராய்ப் பதிவேட்டில் தங்கிற்று. அவர்கள் மொழியைக் கைவிடவில்லை. மொழி வாழ வேண்டிய இடங்கள் அவர்களுக்குத் தரப்படவில்லை. அப்படியிருந்தும் எஞ்சியவற்றைப் பார்க்க வேண்டும். கறிவேப்பிலை அங்கே கலூப்பிலே, கொத்தமல்லி, கொத்தோமிலி, முருங்கை, முருங். மாரியம்மன் மலியேமின் ஆகிவிட்டாள். மதுரைவீரன் மர்தேவிரின். பாஞ்சாலி பாந்தியாலே என்னும் பெயரில், பதினெட்டு நாள் நோன்பிருந்து தீமிதிப்போரைக் காக்கிறாள். இரவு முழுவதும் ஆடும் கூத்துக்கு நார்ல்கோன் என்று பெயர். நாடகம் என்னும் சொல்லே அது. பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டை, சொற்பொருள் முழுதும் விளங்காத நிலையிலும், ஆசான் சொன்னபடி பாடுகிறார்கள். பொருளை அறிந்தவர் பாட்டை மறந்துவிட்டிருக்கும் ஊர்களும் உலகில் உண்டு என்பதைக் கவிஞர் எண்ணிப் பார்க்கலாம்.

கரும்பாலைகளின் அருகே எழுந்த பழைய சிறுகோவில்களில் பலியிடும் வழிபாடு தொடர்கிறது. நகரக் கோவில்களில் இந்தியாவிலிருந்து வந்த ஆகம முறை வேரூன்றியிருக்கிறது. இரண்டில் எது மெய்யான தமிழ் வழிபாடு என்று தீர்ப்புச் சொல்ல ஆறு நாள் விருந்தினர்க்கு உரிமை இல்லை. இளையோர் சிலர் தமிழ் வகுப்புகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் தாமாக ஓரிரு தமிழ்ச் சொல் பேசினால் உச்சரிப்பைத் திருத்தாமல் விடை சொல்வதே பண்பு.

ஆகவே, புறப்படுமுன் கவிஞர் பெட்டியில் வைக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: மாற்றியமைத்த ஒரு கேள்வி. தமிழ் தெரியுமா என்பதன் இடத்தில், பாட்டி எந்தப் பாட்டைப் பாடுவார், வீட்டில் எதை எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்று கேட்கலாம். முன்னது இழந்ததைக் கணக்கெடுக்கும் கேள்வி. பின்னது காத்ததைக் கேட்டறியும் கேள்வி. பிரெஞ்சு அறியாதவர் இதையொரு தாளில் எழுதிக்கொண்டு சென்றாலும் போதும். கரையைச் சுற்றிவிட்டுத் தீவைப் பார்த்ததாக எண்ணுவது எப்படிப் பிழையோ, மொழியை மட்டும் அளந்துவிட்டு மக்களை அறிந்ததாக எண்ணுவதும் அப்படிப் பிழையே. இரண்டுக்கும் உள்ளே செல்ல வேண்டும். உள்ளே செல்லும் வழி மெதுவானது.

ஆற்றுப்படையின் முடிவில் பரிசில் உண்டு. இப்பயணத்தில் அது யாதெனின், ஏதோ ஒரு வீட்டு வாசலில் அவர்கள் பெயர் சொல்லிக் கிள்ளித் தரும் ஒரு கலூப்பிலே இணுக்கு. அதைப் பெற்று மீள்பவர், பெறாது எதிர்வருபவர்க்கு வழி சொல்வாராக. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அத்தகைய வழிகாட்டிகள் பலரைப் பெறுக.